ஐந்து தட்டில் ஒரு பெயர்

சுதாஜினிக்கு மன்னித்துப் பழக்கமில்லை. அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவளைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லுவாள். முரசுமோட்டைக்கு நான் முன்பள்ளி ஆசிரியையாக வந்து பதினொரு வருடம். அவளுடைய வீடு பள்ளியின் பின்வேலியோடு இருக்கிறது. இத்தனை காலத்தில் அவள் ஒருவரோடு கோபித்துவிட்டுப் பிறகு தானாக இறங்கிப்போய்க் கதைத்ததை நான் ஒருமுறைகூடக் காணவில்லை.

அவளுடைய பள்ளிக்கூடக் காலத்துக் கதை ஒன்று ஊரில் இன்னும் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் அஞ்சலோட்ட அணியின் கடைசி ஓட்டக்காரி அவள். போட்டிக்கு முதல் நாள் விளையாட்டு வாத்தியார் அவளை எடுத்துவிட்டுத் தன் தமையனின் மகளைப் போட்டார். சுதாஜினி அழவில்லை, யாரிடமும் முறையிடவும் இல்லை. அடுத்த நாள் கடைசிச் சுற்றில், மைதானத்துக்கு வெளியே வேலியோரமாக, சீருடையோடு வெறுங்காலில் ஓடினாள். கோலை வாங்கிய பெண் உள்ளே ஓட, இவள் வெளியே ஓட, சனம் முழுக்கத் தலையைத் திருப்பி இவளைத்தான் பார்த்தது. எல்லைக்கு முதலில் வந்ததும் இவள்தான். பிரம்படி கிடைத்தது. "அடி நொந்ததுதான் டீச்சர். ஆனால் அவருக்கு அதைவிட நொந்தது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இருபதாவது வயதில் யோகநாதனைக் கட்டினாள். அவர் அப்போது உழவு மெசின் ஓட்டினார், இப்போது வெட்டு மெசின் ஓட்டுகிறார். அதிகம் கதைக்காத மனிதர். 2008 ஆவணியில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அகல்விழி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்தபோது சண்டை நெருங்கி ஊர் கிளம்பத் தொடங்கியது. தருமபுரம், விசுவமடு, பிறகு கடற்கரை மணல். அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து இருக்கவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. எட்டு மாதம்.

அந்த மூன்று நாளும் சுதாஜினி பிள்ளையை மடியில் வைத்தபடி பாடியிருக்கிறாள். உட்கார்ந்து யோசித்துச் செய்த பாட்டு அல்ல. பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி, முதுகில் தட்டித் தட்டி, கண்ணில் பட்டதை எல்லாம் அதற்குள் போட்டிருக்கிறாள்.

அகல்விழி அழுவதேன்
மணல்வெளி குளிருதோ
அப்பரின் சாரமே
போர்வையாய்த் தூங்கடீ

யோகநாதனிடம் உடுக்க இருந்த ஒரேயொரு மாற்றுச் சாரத்தைத்தான் போர்வையாகச் சுற்றியிருந்தார்கள். அதோடுதான் பிள்ளையை மணலில் தாட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு அவர்களுடைய வீட்டில் கேட்கவில்லை. பிள்ளையின் பெயரையும் இருவரும் சொல்வதில்லை. சண்டை முடிந்து முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பினார்கள், வீடு கட்டினார்கள், அவள் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

ஆனால் பாடுவதை அவள் விடவில்லை. அம்மன் கோயில் பொங்கலுக்குச் சிந்து பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். 2018இல் ஒரு பொங்கலில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான் பிரணவன் அவளைத் தேடி வந்தான்.

பிரணவன் நோர்வேயில் வளர்ந்தவன். தாய் தகப்பன் யாழ்ப்பாணம். சக்சபோன் வாசிப்பான், ஜாஸ் இசை முறையாகப் படித்தவன். ஊரில் ஒரு இசைக்குழு தொடங்க வேண்டும் என்று வந்து, கிளிநொச்சியில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். குழுவுக்குத் 'தரவை' என்று பெயர் வைத்தான். மாடு மேயும் திறந்த வெளிக்கு இங்கே தரவை என்போம். யாரும் வேலி அடைக்காத இடம், யாரும் வரலாம் என்று விளக்கம் சொன்னான். வந்தார்கள்தான். முல்லைத்தீவில் இருந்து றிஃபாத் வந்தார். றபான் அடித்துக்கொண்டு பக்கீர் பாவாக்களின் பாட்டுப் பாடுகிறவர், பகலில் சந்தையில் துணிக்கடை. பதவியாவில் இருந்து சுனில் வந்தார். கண்டி மேளமும் மேல்நாட்டு டிரம்மும் இரண்டுமே தெரிந்த சிங்களவர். கிட்டார்காரர் ஒருவர் கொழும்பு. பாட்டு ஒன்றுக்குள்ளேயே தமிழ், சிங்களம், அறபு, ஆங்கிலம் எல்லாம் வரும். சுதாஜினி சிந்தைத் தொடங்குவாள், றிஃபாத் அதற்குப் பதில் சொல்லுவார், பிரணவனின் சக்சபோன் இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்து சண்டை பிடிப்பதுபோல வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போவாள். அந்த ஒரு வருடம் அவளுடைய நடையே மாறியிருந்தது. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல றிஃபாத்தை நானா என்றாள். சுனில் அவளைச் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்றார். பிரணவன் அக்கா என்பான், அவள் தம்பி என்பாள். கிளிநொச்சியில் ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை, அனுராதபுரத்தில் ஒருமுறை மேடை ஏறினாள். அனுராதபுரத்தில் சிங்களச் சனம் எழும்பி நின்று கைதட்டியதை யோகநாதனுக்கு மூன்று தரம் சொன்னதாகச் சொன்னாள். அவர் மூன்று தரமும் கேட்டாராம்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு மத்தியானம், நல்ல மழை. கரண்ட் போய்விட்டது, பயிற்சி நின்றது. எல்லோரும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். தாலாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. சுனில் தன் தாய் பாடியதைப் பாடினார். றிஃபாத் தன் வீட்டில் பாடுவதைப் பாடினார். பிறகு எல்லோரும் சுதாஜினியைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி, துடையில் தட்டிக்கொண்டு, ஒன்பது வருடமாக வாயில் எடுக்காத அந்தப் பாட்டைப் பாடினாள். ஏன் பாடினாள் என்று அவளுக்கே தெரியாது. சுனிலுக்குத் தமிழ் கொஞ்சம்தான். ஆனால் அவர் விரலால் கதிரையில் ஐந்து ஐந்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். அகல்விழி என்ற பெயரும் சரியாக ஐந்து தட்டுத்தான்.

அப்போதுதான் மேசையில் பிரணவனின் போன் பதிவு செய்துகொண்டிருந்ததை அவள் கண்டாள். அழிக்கச் சொன்னாள். அது தன் பிள்ளையின் பாட்டு, மேடைக்கு வராது, ஒருவருடைய காதுக்கும் போகக்கூடாது என்றாள். பிரணவன் எழும்பி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். போனை எடுத்து ஏதோ அழுத்தினான்.

"அழிச்சிட்டன் அக்கா" என்றான்.

அடுத்த வருடம் குழுவுக்கு வெளிநாட்டில் விழா ஒன்று கிடைத்தது. விசா, ஆங்கிலம் என்று ஏதேதோ காரணம் சொல்லி, சுதாஜினிக்குப் பதிலாகக் கொழும்பில் இருந்து ஒரு பாடகியைக் கூட்டிப் போனான். திரும்பி வந்த பிறகும் அந்தப் பெண்தான் பாடினாள். சுதாஜினிக்கு மனம் நொந்தது. ஆனால் அதை அவள் பிழை என்று எண்ணவில்லை. இசைக்குழு அவனுடையது, யாரை வைப்பது என்பது அவனுடைய விருப்பம் என்று தொழிற்சாலைக்குப் போய்வந்தாள்.

2022 ஆனியில் ஒரு நாள் பின்னேரம் யோகநாதன் பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நின்றிருக்கிறார். கடைக்காரன் போனில் பாட்டுப் போட்டிருக்கிறான். சக்சபோன், டிரம், ஒரு பெண்ணின் குரல். 'மணல்வெளி குளிருதோ, அப்பரின் சாரமே.' யோகநாதன் தேத்தண்ணியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சுதாஜினி குசினியில் இருந்தாள். அவர் வாசலில் நின்று ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"நீ குடுத்தனியோ?"

எதை என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் பாட்டின் இரண்டு வரியைச் சொன்னார். பாடவில்லை, சொன்னார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொற்களை அவருடைய வாயில் கேட்டதும் அவளால் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. அந்தச் சில நொடியை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அவளோடு கதைப்பதை நிறுத்தினார். சாப்பாட்டுக்கு வருவார், சாப்பிடுவார், போவார்.

அடுத்த நாள் காலையில் அவள் வேலைக்குப் போகாமல் என்னிடம் வந்தாள். என் போனில் தேடி எடுத்தோம். பாட்டு இலட்சக்கணக்கான பேர் கேட்டதாக இருந்தது. நல்ல பாட்டு, பொய் சொல்லக்கூடாது. கேட்கிறவரின் கால் தானாக ஆடும்படி செய்திருந்தார்கள். அகல்விழி என்று வரவேண்டிய இடத்தில் 'கண்ணம்மா, கண்ணம்மா' என்று வந்தது. கீழே எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டினேன்: 'வன்னி நாட்டார் பாடல். இயற்றியவர் தெரியவில்லை.'

அவள் என் போனிலேயே பிரணவனுக்கு அழைப்பு எடுத்தாள். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள். அழிக்க மனம் வரவில்லை, அவ்வளவு வடிவாக இருந்தது என்றான். இப்படிப்பட்ட பாட்டு ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை, எங்கள் சனத்தின் துயரம் உலகத்துக்குப் போகவேண்டும் என்றான். நன்றாகத்தான் கதைத்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"பேரை ஏன் மாத்தினனீங்கள் தம்பி?"

"அது நாலு தட்டுக்குள்ள வரேல்லை அக்கா. அஞ்சில எண்டால் சனம் ஆடாது. வெளியில ஆருக்கும் அந்தப் பேர் வாயில வராதுதானே."

அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் தந்தாள். முகத்தைப் பார்த்தேன், அழுகைக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளையின் முகம்போல இருந்தது. பொலிசுக்குப் போவமா, பத்திரிகைக்கு எழுதுவமா என்று கேட்டேன். அவன் தன் வாயால் பொய் சொன்னவன், அதற்கான மறுமொழியையும் அவன் தன் மேடையில் நின்றுதான் கேட்கவேண்டும் என்றாள். அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு வருடம் பொறுத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் யோகநாதன் கதைக்காமல் இருந்தார், அவளும் விளக்கம் சொல்லவில்லை. வாயால் சொன்னால் சமாளிப்பதாகத்தான் இருக்கும், காட்டித்தான் சொல்லவேண்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். தரவை எங்கே பாடினாலும் அந்த நிகழ்ச்சியின் ஒளிப்பதிவை என் போனில் வந்து பார்ப்பாள். எதற்கு என்றால், மேடையில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க. எல்லா மேடையிலும் அவன் ஒன்றையே செய்தான். கண்ணம்மா பாட்டைக் கடைசியாக வைப்பான். பாதியில் வாத்தியங்களை நிறுத்திவிட்டு, சனத்தைப் பார்த்து, இனி நீங்கள் பாடுங்கள் என்று கையை விரிப்பான்.

2023 ஆடியில் கிளிநொச்சிச் சந்தியில் சுவரொட்டி ஒட்டினார்கள். ஆவணி மாதம், பொது மைதானம், அனுமதி இலவசம். 'வன்னியின் தாலாட்டு வீடு திரும்புகிறது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை வாசித்த அன்று பின்னேரம் அவள் என்னிடம் வந்து, தான் இரண்டாவது கண்ணி ஒன்று கட்டியிருப்பதாகச் சொல்லிப் பாடிக் காட்டினாள்.

அகல்விழி பெயரினைத்
தின்றவன் ஆரடீ
குழலினை ஊதிடும்
பிரணவன் தானடீ

"பாத்தியளே டீச்சர், அவன்ர பேரும் அஞ்சு தட்டுத்தான். தள்ளாமல் கொள்ளாமல் வந்து இருக்குது" என்றாள். அவள் சிரித்ததை அந்த ஒரு வருடத்தில் அன்றுதான் கண்டேன்.

தொழிற்சாலை பஸ் விடிய ஐந்தரைக்கு முரசுமோட்டையில் ஆள் ஏற்றும். பரந்தனுக்கு வருவதற்குள் நாற்பதுக்கு மேல் பெண்கள். அந்த பஸ்ஸில்தான் தொடங்கினாள். முதலில் நடந்ததைச் சொன்னாள். பிள்ளையின் பெயரைச் சொன்னாள். கடற்கரையில் பிள்ளையைத் தாட்டதைச் சொன்னாள். பதினாலு வருடம் தன் புருஷனோடுகூடக் கதைக்காத விஷயத்தை, பாதிப்பேர் தூங்கி வழிகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடி சொன்னாள். அதைவிடக் கடினமான வேலையைத் தான் செய்ததில்லை என்று எனக்குச் சொன்னாள். ஆனால் பெயரைத் தெரியாதவர்கள் பெயருக்காகப் பாட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த பஸ்ஸில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள் மட்டுமில்லை. இரண்டாம் நாளே எல்லோரும் பாடினார்கள். ஐந்து தட்டைக் கால் விரலில் பிடித்துக்கொண்டு, தையல் மெசினின் மிதியிலும் அதையே மிதித்தார்கள். ஜெயபுரத்தில் இருந்து வருகிற பஸ்ஸுக்கு நிசாந்தினி என்ற பெண் கொண்டுபோனாள். மூன்று கிழமையில் நாலு பஸ்ஸுக்கும் பரவிவிட்டது. நான் என் முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

இவ்வளவு பேருக்குத் தெரிந்த விஷயம் முல்லைத்தீவுக்குப் போகாமல் இருக்குமா? நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் இருக்க றிஃபாத் மோட்டார் சைக்கிளில் சுதாஜினியின் வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே நின்றேன். அவர் வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்தார். பிறகு, பதிவை அழிக்கவில்லை என்பது தனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும் என்றார். பிரணவன் போட்டுக் காட்டியபோது வேண்டாம் என்று ஒருமுறை சொன்னதாகவும், இரண்டாம் முறை சொல்லவில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

"என்னையும் சேத்து அவமானப்படுத்தப் போறியளோ தங்கச்சி?"

"நீங்கள் அண்டைக்கு மேடையில நிண்டால் ஓம், நானா."

அவர் தலையாட்டினார். தான் நிற்பேன் என்றார். பிரணவனிடம் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். தேத்தண்ணி குடிக்காமல் போனார். அவளும் குடியுங்கோ என்று சொல்லவில்லை.

நிகழ்ச்சி பின்னேரம் ஆறு மணிக்கு. சிறுபோக அறுவடைக் காலம் என்றாலும் மைதானம் நிறைந்துவிட்டது. தொழிற்சாலைப் பெண்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்கவில்லை. அங்கங்கே பிரிந்து நிற்கச் சொல்லியிருந்தாள். அவள் மேடைக்கு நேர் எதிரே, நாலாவது வரிசையில் இருந்தாள். அவனுக்குத் தன் முகம் தெரியவேண்டும் என்பதற்காக. யோகநாதனை அவள் கூப்பிடவில்லை. நான்தான் அன்று காலையில் வயலுக்குப் போய், அண்ணை, பின்னேரம் மைதானத்துக்கு வாங்கோ, உங்கட மனிசியின் விஷயம் என்றேன். வந்து, எண்ணெய்க் கறை பிடித்த சேட்டோடு கம்பி வேலியோரம் நின்றார்.

தரவை நன்றாகத்தான் வாசித்தது. ஒன்றரை மணித்தியாலம். கடைசியாகக் கண்ணம்மா பாட்டு வந்தது. கொழும்புப் பாடகி பாடினாள், சனம் கைதட்டியது, சின்னப் பிள்ளைகள் முன்னால் ஆடினார்கள். பாதியில் பிரணவன் சக்சபோனை இறக்கினான். "இது உங்கட மண்ணின்ர பாட்டு. இப்ப நீங்கள் பாடுங்கோ" என்று இரண்டு கையையும் விரித்தான்.

சுதாஜினி தொடங்கினாள். ஒரு குரல்தான் முதலில். அகல்விழி என்ற சொல் முடிவதற்குள் மைதானத்தின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் முந்நூறு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்கான பாட்டு அல்ல, தட்டித் தூங்க வைக்கிற பாட்டு. மெதுவாக, ஐந்து ஐந்தாக. டிரம் மட்டும் நாலில் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண்ணி முழுக்க இரண்டும் முட்டி மோதின. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அப்போது சுனில் நிறுத்தினார். தலையைச் சரித்து ஒரு கணம் கேட்டார். அந்த மழை நாளில் கதிரையில் தட்டிய அதே ஐந்தைத் தன் மேளத்தில் எடுத்து, பெண்களின் பக்கம் சேர்ந்துகொண்டார். அவரை யாரும் கேட்கவில்லை. றிஃபாத் றபானைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றார்.

பிரணவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷப்பட்டான் என்றே நினைக்கிறேன். சக்சபோனை வாயில் வைத்து ஐந்து தட்டுக்குள் நுழையப் பார்த்தான். அவனால் முடியும், கெட்டிக்காரன். அந்த நேரம்தான் இரண்டாவது கண்ணி வந்தது.

ஒரு மைதானம் நிறைந்த பெண்கள் தாலாட்டுக் குரலில், கோபமே இல்லாத குரலில், தன் பெயரைப் பாடுவதை அவன் கேட்டான். தின்றவன் ஆரடீ, பிரணவன் தானடீ. சக்சபோன் பாதியில் கீச்சென்று நின்றது. அவன் கண் அங்கும் இங்கும் ஓடி நாலாவது வரிசையில் வந்து நின்றது. சுதாஜினி எழும்பி நின்றாள். பாடுவதை நிறுத்தவில்லை. நாலு தரம் பாடச் சொல்லியிருந்தாள். நாலு தரமும் பாடினார்கள். ஒவ்வொரு தரமும் அவனுடைய பெயர் வந்தபோது அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் தரம் அவன் மேடையை விட்டு இறங்கிப் போனான். நாலாம் தரத்தை அவன் இல்லாத மேடைக்குப் பாடினார்கள்.

நான் வேலிப் பக்கம் பார்த்தேன். யோகநாதன் கம்பியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டுக்குப் போனதும் அவர், "அவ்வளவு பேரும் அவளின்ர பேரைச் சொன்னவை" என்றாராம். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. தான் அப்போதுதான் அழுததாகச் சொன்னாள்.

மைதானத்தில் எடுத்த ஒளிப்பதிவு இரண்டு நாளில் நோர்வே வரைக்கும் போய்விட்டது. அவனைக் கூப்பிட்டிருந்த இரண்டு விழாக்கள் வேண்டாம் என்றன. கொழும்புப் பாடகி விலகினாள். சுனில் பதவியாவுக்குப் போய்விட்டார். சுதாஜினிக்குப் போன் எடுத்து, நங்கி, நான் அவனை அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று அரைத் தமிழில் சொன்னார். அந்தக் குழுவில் அவரோடு மட்டும் அவள் இன்னும் கதைக்கிறாள். குழு கலைந்தது. பாட்டுக்கு அவளுடைய பெயரைப் போடுகிறோம், பிள்ளையின் பெயரையும் மாற்றுகிறோம் என்று பிரணவன் ஆள் விட்டான். முழுப் பாட்டையும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டான்.

மார்கழியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று பக்கம், கையெழுத்தில். என் முன்னால்தான் வாசித்தாள். முதல் பக்கம் வாசிக்கும்போது அவளுடைய முகம் கொஞ்சம் இளகியதை நான் கண்டேன். இரண்டாம் பக்கத்தில் பிள்ளையின் பெயர் வந்தது. அகல்விளி என்று எழுதியிருந்தான். என்னிடம் சிவப்புப் பேனை கேட்டு வாங்கி, அந்த ஒரு எழுத்தை வெட்டித் திருத்தி, வேறொன்றும் எழுதாமல் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பினாள். நோர்வேத் தமிழ்தானே, அதை விட்டுவிடன் என்றேன். என்னோடும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஆனால் அவள் எண்ணாத ஒன்று நடந்தது. பாட்டு பஸ்ஸோடு நிற்கவில்லை. ஜெயபுரத்தில் நிசாந்தினி தன் கைக்குழந்தைக்கு அதைப் பாடினாள். கண்டாவளையில் இன்னொருத்தி பாடினாள். இரண்டு கண்ணியையும் சேர்த்தேதான் பாடினார்கள். பிள்ளைகளுக்கு இரண்டாவது பிடித்திருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது யோகநாதன் அவளிடம், "எங்கட பிள்ளையின்ர பேரோட அவன்ர பேரையுமெல்லோ சேத்துக் கட்டிப்போட்டாய்" என்று சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லையாம். அடுத்த கிழமை பஸ்ஸில் இரண்டாவது கண்ணியை விட்டுவிடுங்கோ என்று கேட்டுப் பார்த்தாள். ஓம் அக்கா என்றார்கள். விடவில்லை. சொல்லிக் கொடுத்ததை முந்நூறு பேரிடமிருந்து எப்படித் திருப்பி வாங்குவது?

இந்த வருடம் மாசியில், காலபோக நெல்லை முரசுமோட்டை றோட்டோரம் காயப் போட்டிருந்த நேரம், பிரணவன் நேரில் வந்தான். மெலிந்திருந்தான். சக்சபோன் கொண்டு வரவில்லை. படலையடியில் நின்று, அக்கா, ஒரு நிமிஷம் என்றான். சுதாஜினி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கிளறத் தொடங்கினாள். ஒரு கரையில் தொடங்கி மறுகரை வரைக்கும், சால் சாலாக, ஒரு அவசரமும் இல்லாமல் கிளறினாள். உச்சி வெயில். அவன் நின்றான். முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் நின்றிருப்பான். நான் முன்பள்ளி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சாலும் முடிந்த பிறகு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கண்டாச்சுத்தானே. போங்கோ."

அவன் சைக்கிளை எடுக்கத் திரும்பியபோது யோகநாதன் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் செம்பு. அதை அவனிடம் நீட்டினார். பிரணவன் அந்தத் தண்ணீரை நின்ற நிலையிலேயே முழுக்கக் குடித்துவிட்டுச் செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். பிறகு போய்விட்டான்.

அந்தச் செம்பை அவள் கழுவவில்லை, வெளியே கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். தன் வீட்டுத் தண்ணியைத் தன்னைக் கேட்காமல் கொடுத்ததற்காக மூன்று நாள் யோகநாதனோடு கதைக்கவில்லை. அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. நாலாம் நாள் மத்தியானம் கிழக்கே சடுதியாக இருட்டியது. நெல் முழுக்க றோட்டில் கிடந்தது, அள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. சாக்கின் வாயை நல்லாய் விரிச்சுப் பிடியுங்கோ என்று அவள் அவரைப் பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது.